நாடக வகுப்பில் விளையாடுவது எப்படி? பயிற்சிக்குப் போகும் புது ஆசிரியருக்கு

கற்பித்தல் பயிற்சிக்காக முதன்முறை பாடசாலைக்குப் போகும் நாடக ஆசிரியர்கள் பெரும்பாலும் கொப்பி நிறைய விளையாட்டுகளை எழுதிக்கொண்டு போகிறார்கள். களப்பயிற்சிகளில் தாங்கள் விளையாடியவை, நண்பர்களிடம் கேட்டுக் குறித்தவை என்று ஒரு பட்டியல் இருக்கும். வகுப்பின் முதல் பத்து நிமிடமும் கலகலப்பாகவே போகும். அப்புறம் ஒரு வசனம் வரும்: "சரி பிள்ளையள், விளையாட்டு முடிஞ்சுது, இனிப் பாடத்துக்கு வருவம்." அத்தோடு வகுப்பு சோர்ந்துவிடும். கொப்பிகள் திறபடும், நாடகத்தின் மூலகங்கள் கரும்பலகையில் வரிசையாக ஏறும்.

அந்த வசனத்தைச் சொல்லத் தேவையே வராத ஒரு பாடவேளையை எப்படித் திட்டமிடுவது என்று இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். நாடகப் பாடத்தின் முக்கியமான கருத்துகள் எல்லாம் ஏதோ ஒரு விளையாட்டுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம். பிள்ளை அதை உடம்பால் அனுபவித்த பிறகு, "இதற்குப் பெயர் இதுதான்" என்று சொல்வது ஆசிரியரின் வேலை. அந்த வேலையைச் செய்ய ஆசிரியரும் விளையாட்டுக்குள் இருக்க வேண்டும்.

இலங்கைப் பாடசாலைகளை மனதில் வைத்தே எழுதுகிறேன். இங்கே நாடகமும் அரங்கியலும் தனிப் பாடம். தரம் 6 இலிருந்து அழகியல் பாடங்களில் ஒன்றாக இதைத் தெரிவுசெய்யலாம்; க.பொ.த. சாதாரண தரத்திலும் உயர் தரத்திலும் பரீட்சையும் உண்டு. ஆகவே நீங்கள் எதிர்கொள்ளப்போவது பாடத்திட்டமும் மணியும் பரீட்சையும் உள்ள வகுப்பு. ஓய்வுநேரக் கழகத்துக்குரிய ஆலோசனைகள் அங்கே அப்படியே பொருந்தாது.

முதலில் இடைவேளையைப் பாருங்கள்

பயிற்சியின் முதல் சில நாட்கள் பெரும்பாலும் அவதானிப்புக்குத் தரப்படும். வகுப்பறையின் பின் கதிரையில் இருந்து குறிப்பெடுப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். இடைவேளையில் மைதானத்துக்குப் போங்கள். அந்தப் பாடசாலையில் பிள்ளைகள் எதை விளையாடுகிறார்கள்? கிளித்தட்டா, எட்டுக்கோடா, கொக்கான் வெட்டா, ஒளித்துப் பிடித்தலா, போத்தல் மூடியை உதைக்கும் ஏதோ ஒன்றா? யார் விதி சொல்கிறார்? சண்டை வந்தால் யார் தீர்த்துவைக்கிறார்? யார் ஓரத்தில் நிற்கிறார்?

இதில் உங்களுக்கு இரண்டு பயன் உண்டு. அவர்கள் ஏற்கெனவே விளையாடும் விளையாட்டுக்கு நீங்கள் விளக்கம் சொல்லத் தேவையில்லை. அப்படியே எடுத்து நாடகத்துக்குள் கொண்டுபோகலாம். அடுத்தது, வகுப்பின் உள் உறவுகள் தெரிந்துவிடும். இடைவேளையில் விதி சொல்லும் பிள்ளையை உங்கள் பக்கம் சேர்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முடிந்தால் ஒரு பிள்ளையிடம், "எனக்கு இதை ஒருக்கால் காட்டித் தாறீரோ?" என்று கேளுங்கள். கொக்கான் வெட்டத் தெரியாத ஆசிரியருக்குத் தரம் 6 பிள்ளை கற்பிக்கும்போது இருவருக்கும் இடையே ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது. நீங்கள் பின்னால் வகுப்பில் ஒரு புது விஷயத்தைச் செய்துபார்க்கச் சொல்லும்போது அந்தப் பிள்ளை தயங்காது.

இடத்தையும் பாருங்கள். பல பாடசாலைகளில் நாடகத்துக்கென்று தனி அறை கிடையாது. பிரதான மண்டபம் கிடைக்கலாம், மரநிழல் கிடைக்கலாம், மேசை கதிரை நிறைந்த வகுப்பறையே கிடைக்கலாம். தரை சீமெந்தா மணலா, ஓடினால் வழுக்குமா, பக்கத்து அறையில் அந்த நேரம் என்ன பாடம் நடக்கிறது என்பதெல்லாம் உங்கள் விளையாட்டைத் தீர்மானிக்கும். கதிரைகளைச் சத்தமில்லாமல் ஒதுக்கி வைப்பதையே முதல் விளையாட்டாக ஆக்கிவிடலாம்: "தூங்கும் பூதம் எழும்பாமல் எல்லாக் கதிரையையும் சுவர் ஓரம் கொண்டுபோக வேண்டும்." தரம் 6, 7 பிள்ளைகள் இதை உயிரைக் கொடுத்துச் செய்வார்கள். உடல் கட்டுப்பாடும் ஒருமித்த கவனமும் அங்கேயே தொடங்கிவிடுகின்றன.

கருத்திலிருந்து விளையாட்டுக்கு வாருங்கள்

புதியவர்கள் பலர் தமக்குப் பிடித்த விளையாட்டை முதலில் எடுத்து, அதற்கு ஒரு பாட நோக்கத்தைப் பிறகு ஒட்டுகிறார்கள். எதிர்த்திசையில் வாருங்கள். இன்றைய பாடத்தில் பிள்ளை எந்த ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று முதலில் எழுதுங்கள். ஒன்றே ஒன்று. பிறகு, அந்த ஒன்று எந்த விளையாட்டில் இருக்கிறது என்று தேடுங்கள்.

அரங்க விளையாட்டுகளை ஒரு கற்பித்தல் முறையாகவே வளர்த்தவர் அமெரிக்காவின் வயோலா ஸ்போலின். சிக்காகோவில் குடியேற்றக் குடும்பங்களின் பிள்ளைகளோடு வேலை செய்தபோது, நீண்ட விளக்கத்தால் வராத நடிப்பு சரியான விளையாட்டால் வருகிறது என்று அவர் கண்டார். அவருடைய ஒவ்வொரு விளையாட்டிலும் கவனம் வைக்க வேண்டிய புள்ளி ஒன்று இருக்கும். அந்தப் புள்ளியில் மனம் நிற்கும்போது, "எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள்" என்ற கூச்சத்துக்கு இடம் இல்லாமல் போகிறது. நீங்கள் எடுக்கும் விளையாட்டிலும் அந்தப் புள்ளி எது என்று ஒரு வசனத்தில் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியவில்லை என்றால் அது அன்றைய பாடத்துக்குரிய விளையாட்டு ஆகாது.

ஒரு முழு உதாரணத்தை விரிவாகச் சொல்கிறேன். தரம் 8 அல்லது 9க்கு முரண் என்ற கருத்தைக் கற்பிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளித்தட்டை எடுங்கள், யாழ்ப்பாணத்தில் இதைத் தாச்சி என்பார்கள். குறுக்குக் கோடு ஒவ்வொன்றிலும் ஒருவர் மறித்து நிற்பார். மறிப்பவர்களில் கிளி எனப்படுபவர் நடுக்கோட்டிலும் ஓடலாம். மற்றக் கட்சி தொடுபடாமல் எல்லாப் பெட்டிகளையும் கடந்து திரும்பி வர வேண்டும். ஒருவர் எதையோ அடையப் பார்க்கிறார், இன்னொருவர் மறிக்கிறார். முரணுக்கு இதைவிடத் தெளிவான வடிவம் எனக்குத் தெரியாது.

முதலில் ஐந்து நிமிடம் வெளியே உண்மையாகவே விளையாட விடுங்கள். பிறகு உள்ளே வந்து வெண்கட்டியால் மூன்று கோடு கீறுங்கள். இப்போது அதே விளையாட்டை மிக மெதுவான அசைவில் ஆடச் சொல்லுங்கள். வேகம் குறைந்ததும் முகமும் கண்ணும் வேலை செய்யத் தொடங்கும். பார்க்கும் பிள்ளைகளுக்கு அது ஏற்கெனவே ஒரு காட்சியாகத் தெரியும். அந்த இடத்தில் நிறுத்திக் கேளுங்கள்: "உமக்கு என்ன வேணும்? ஆர் மறிச்சது? என்ன செய்து கடந்தீர்?" பதில்கள் வரும். "இந்தப் பக்கம் பாயிற மாதிரிக் காட்டி அந்தப் பக்கம் போனன்." "அவர் மற்றவரைப் பார்க்குமட்டும் நிண்டன்." "நான் ஓடிக் காட்டினன், அவள் போயிட்டாள்." இவற்றை அவர்களின் சொல்லிலேயே கரும்பலகையில் எழுதுங்கள்.

அடுத்து ஒரு சூழலைக் கொடுங்கள். கோயில் திருவிழாவின் கடைசி இரவு. தம்பிக்குத் தனியாகப் போக வேண்டும். முதல் கோட்டில் அம்மம்மா, இரண்டாவதில் அப்பா, மூன்றாவதில் அண்ணா. ஓட முடியாது, பேச்சால்தான் கடக்க வேண்டும். மறிப்பவருக்கு ஒரேயொரு விதி: உண்மையிலேயே மனம் இளகினால் மட்டும் கோட்டை விட்டு விலகு, பாவம் பார்த்து விலகாதே. இந்த விதிதான் முழு விளையாட்டையும் தாங்கி நிற்கிறது. இது இல்லாவிட்டால் மறிப்பவர் நண்பனுக்காக உடனே விட்டுக்கொடுப்பார், அல்லது அடம்பிடித்து நிற்பார். இரண்டிலும் நாடகம் இல்லை.

கெஞ்சல், பேரம், புகழ்ச்சி, பொய், கோபம், அழுகை என்று வழிகள் ஒவ்வொன்றாக வெளிவரும். அம்மம்மாவிடம் பலித்தது அப்பாவிடம் பலிக்காது என்பதைத் தம்பி அந்த இடத்திலேயே கண்டுபிடிப்பான். கடைசி ஐந்து நிமிடத்தில், நோக்கம், தடை, உத்தி, முரண் என்ற நான்கு சொற்களையும் கரும்பலகையில் எழுதி, பிள்ளைகள் சொன்னவற்றோடு கோடிட்டு இணையுங்கள். இப்போது கொப்பி திறக்கலாம். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், ஏனென்றால் எழுதப்போவது தாங்கள் செய்ததைத்தான்.

மற்றக் கருத்துகளுக்கும் இப்படியே தேடலாம். கொடுத்தல் வாங்கலுக்கு, வட்டத்தில் கண்ணைப் பார்த்துக் கைதட்டை அடுத்தவருக்குக் கடத்தும் விளையாட்டுப் போதும். பேசாமல் உடலால் மட்டும் நடிக்கும் ஊமத்துக்கு ஒரு தும்புத்தடி: அது துடுப்பு, வீணை, தூண்டில், நோயாளியின் ஊன்றுகோல் என்று கைமாறக் கைமாற உருமாறட்டும். வழிநடத்தலுக்கும் பின்தொடர்தலுக்கும் பிரேசில் நாட்டு அரங்கவியலாளர் அகஸ்தோ போவால் பயன்படுத்திய ஒரு பயிற்சி உண்டு. ஒருவர் உள்ளங்கையை மற்றவரின் முகத்துக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் பிடிப்பார். கை போகும் இடமெல்லாம் முகம் அதே தூரத்தில் பின்தொடர வேண்டும். தொடுகை இல்லை, சத்தம் இல்லை, கவனம் முழுவதும் ஒரே இடத்தில். பரீட்சைக் காலத்துக்கு மிகப் பொருத்தம்.

பாத்திரங்களுக்கிடையிலான உயர்வு தாழ்வைக் கற்பிக்கும் விளையாட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஒவ்வொருவரும் தன் இலக்கத்தைத் தான் பார்க்காமல் நெற்றியில் பிடித்திருக்க, மற்றவர்கள் அந்த இலக்கத்துக்கேற்ப அவரை நடத்துவது பலருக்கும் தெரிந்த விளையாட்டு. வழக்கமாக இதற்குச் சீட்டுக்கட்டை எடுப்பார்கள்; அதைப் பாடசாலைக்குள் கொண்டுபோக வேண்டாம். காகிதத் துண்டுகளில் 1 முதல் 10 வரை எழுதினால் போதும். எச்சரிக்கை என்னவென்றால், நம் ஊர்களில் தாழ்வாக நடத்தப்படுவது சில பிள்ளைகளுக்கு வீட்டு வாசலிலேயே தொடங்கும் அனுபவம். ஆகவே இதை ஊருக்குள் வைக்காமல் ஓர் அரண்மனையிலோ கப்பலிலோ வையுங்கள். ஒரே பிள்ளைக்கு இரண்டு தடவை சிறிய இலக்கம் போகாமல் பாருங்கள். முடிந்ததும் துண்டுகளை எல்லாரும் சேர்ந்து கிழித்துக் கூடையில் போடச் செய்யுங்கள். இந்தக் கவனம் எடுக்க முடியாத நாளில் அந்த விளையாட்டையே விட்டுவிடுவது நல்லது.

விதியைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்

விதி மூன்று வசனத்துக்கு மேல் போனால் வகுப்பு கலையத் தொடங்கும். சொல்வதைவிட, நாலு பிள்ளைகளை எடுத்து ஒரு சுற்று ஆடிக் காட்டுவது விரைவு. "விளங்கினதோ?" என்று கேட்டால் எல்லாரும் "ஓம் சேர்" என்பார்கள், அதை நம்ப வேண்டாம். ஆடத் தொடங்கி, பிழைக்கும் இடத்தில் திருத்துங்கள்.

முதல் நாளே ஒரு நிறுத்தற் குறியைப் பழக்குங்கள். மத்தளத்தில் ஓர் அடி, உடுக்கின் ஓர் ஒலி, அல்லது நீங்கள் கையை உயர்த்தினால் எல்லாரும் கையை உயர்த்தி உறைவது. இதையும் விளையாட்டாகவே பழக்கலாம்: அடி விழும்போது யார் மிக விசித்திரமான நிலையில் உறைகிறார் என்று பார்ப்பது. 35, 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் இந்தக் குறி இல்லாமல் எதையும் தொடங்காதீர்கள். குறி உறுதியாக இருந்தால் நீங்கள் சத்தம் போடவே தேவையில்லை. சத்தம் போடாத ஆசிரியரிடம்தான் பிள்ளைகள் துணிந்து விளையாடுவார்கள்.

விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அதை நிறுத்தி அறிவுரை சொல்ல வேண்டாம். ஓரத்தில் நடந்தபடி சிறு சொற்களை மட்டும் போடுங்கள்: "கண்ணைப் பாருங்கோ", "இன்னும் மெதுவா", "அந்தப் பெட்டி எவ்வளவு பாரம்?" ஸ்போலினும் இதைத்தான் செய்தார். பிள்ளை உங்களைத் திரும்பிப் பார்க்காமலே அந்தச் சொல்லை உடம்பில் எடுத்துக்கொண்டால் நீங்கள் சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

இன்னொன்று: தோற்றவரை வெளியேற்றும் விளையாட்டுகளைத் தவிருங்கள். முதலில் வெளியே போகும் பிள்ளைதான் பெரும்பாலும் அதிகப் பயிற்சி தேவைப்படும் பிள்ளை. வெளியேறியே ஆக வேண்டும் என்றால், வெளியேறியவர்கள் தாளம் போடும் பக்கப்பாட்டுக் குழுவாக மாறட்டும்.

நீங்களும் பாத்திரமாகுங்கள்

புது ஆசிரியருக்கு மிகப் பயமான படி இதுதான். "நான் நடித்தால் பிள்ளைகள் மதிப்பார்களா?" என்ற கேள்வியை என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். மதிப்பார்கள். எல்லை தெளிவாக இருந்தால், முன்பைவிடக் கூடுதலாகவே மதிப்பார்கள்.

இந்த முறையை உலகம் அறியச் செய்தவர் இங்கிலாந்தின் டொரத்தி ஹீத்கோட். 14 வயதில் பள்ளியை விட்டுக் கம்பளி ஆலைக்கு வேலைக்குப் போனவர். பிற்காலத்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களுக்கே கற்பித்தார். வகுப்பின் முன்னால் நின்று கதை சொல்லாமல், கதைக்குள் ஒரு பாத்திரமாக ஆசிரியர் வந்து நிற்பதும், பிள்ளைகளை விடயம் தெரிந்தவர்களாக நடத்துவதும் அவருடைய வழி.

செய்முறை எளிது. ஒரு சால்வையோ தொப்பியோ எடுங்கள். "இதைப் போட்டால் நான் வேற ஆள். கழட்டினால் உங்கட ரீச்சர்." ஒரு தடவை போட்டுக் கழற்றிக் காட்டுங்கள். இந்த ஒப்பந்தத்தை நீங்களே மீறாதீர்கள். சால்வையோடு இருக்கும்போது "டேய், அங்க கதைக்காத" என்று ஆசிரியர் குரலில் சொன்னால் உலகம் உடைந்துவிடும். அதட்ட வேண்டி வந்தால் முதலில் சால்வையைக் கழற்றுங்கள்.

பாத்திரத்தைத் தெரிவுசெய்யும்போது அரசனையும் அதிகாரியையும் விட்டுவிடுங்கள். வகுப்பில் உங்களுக்கு அந்த அதிகாரம் ஏற்கெனவே இருக்கிறது. உதவி தேவைப்படும் ஆளாக வாருங்கள். கூத்து அலகைத் தொடங்க எனக்குப் பிடித்த வழி, மறதி வந்த அண்ணாவியாராக, அதாவது கூத்துப் பழக்கும் ஆசானாக, வகுப்புக்குள் வருவது. "நாளைக்குக் களரியில கூத்து. தாளக்கட்டு மறந்துபோச்சு. ஆட்டக்காரர் வந்து நிக்கினம். என்ன செய்ய?" என்று தலையில் கைவைத்து இருங்கள். பாடப் புத்தகத்தில் உள்ள தாளக்கட்டை, அதாவது ஆட்டத்துக்குரிய தாளச் சொற்களை, பிள்ளைகள் தேடி எடுத்து அண்ணாவியாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவர் பிழையாகச் சொல்வார்; அவர்கள் திருத்துவார்கள். சட்டம் கொடுப்பது (ஆட்டக்காரருக்கு அவரவர் பாட்டைக் கொடுப்பது), சதங்கை அணிவது, அடுக்குப் பார்ப்பது (முழு ஒத்திகை), அரங்கேற்றுவது என்ற கூத்துப் பழக்கும் ஒழுங்கையும் அவர் மாற்றி மாற்றிக் குழப்புவார், பிள்ளைகள் வரிசைப்படுத்துவார்கள். மட்டக்களப்பு, முல்லைத்தீவுப் பக்கப் பாடசாலை என்றால், "என்ர அப்பப்பா அண்ணாவியார்" என்று ஒரு பிள்ளை எழும்பவும் கூடும். அப்போது சால்வையை அந்தப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நீங்கள் கீழே இருங்கள்.

தடுமாற்றத்துக்கு இடம் வையுங்கள்

விளையாட்டுத்தனம் உள்ள வகுப்பையும் வெறுமனே விளையாட்டு நடக்கும் வகுப்பையும் பிரித்தறிய ஒரு வழி: யாராவது பிழைவிடும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். மற்றவர்கள் ஏளனமாகச் சிரித்து அந்தப் பிள்ளை குறுகிப்போனால், எத்தனை விளையாட்டு ஆடினாலும் அங்கே நாடகம் வளராது.

உடனடி நடிப்பைக் கற்பித்த கீத் ஜோன்ஸ்டன் வகுப்பைத் தொடங்கும்போது தரையில் இருந்துகொண்டு, நீங்கள் சறுக்கினால் பழி என்னுடையது என்று மாணவரிடம் சொல்வார். ஆசிரியர் தானாகவே தாழ்ந்த இடத்தை எடுத்துக்கொள்ளும்போது மாணவருக்குப் பயம் குறைகிறது என்பது அவர் கண்டது. நம் வகுப்பில் தரையில் இருப்பது சில பாடசாலைகளில் சங்கடமாகப் பார்க்கப்படலாம். பரவாயில்லை, கதிரையில் இருந்தபடியே அதைச் சொல்லுங்கள். "இது கஷ்டமான விளையாட்டு. குழம்பினால் நான் சரியாச் சொல்லித் தரேல்லை எண்டு அர்த்தம்."

பிழைவிட்டவருக்கு ஒரு வழக்கத்தையும் உருவாக்கலாம்: கையை உயர்த்தி "ஆகா!" என்பார், வகுப்பும் சேர்ந்து "ஆகா!" என்று கைதட்டும். கைதட்டுக் கடத்தலில் இதைத் தொடக்கத்திலிருந்தே பழக்கினால், பின்னர் ஆற்றுகையில் வசனம் மறந்தபோதும் பிள்ளை மேடையில் உறைந்து நிற்காது. நீங்களும் வட்டத்தில் நின்று ஆடுங்கள், நீங்களும் "ஆகா!" சொல்லுங்கள். வேண்டுமென்று தோற்க வேண்டாம். பிள்ளைகளுக்கு அது உடனே விளங்கிவிடும். உண்மையாக ஆடினாலே போதுமான அளவு தோற்பீர்கள்.

விலகி நிற்கும் பிள்ளை

"நான் வரேல்லை ரீச்சர்" என்று சொல்லும் ஒரு பிள்ளையாவது எல்லா வகுப்பிலும் இருக்கும். இழுத்து வராதீர்கள். பார்ப்பதும் நாடகத்தில் ஒரு வேலை. அதை உண்மையான வேலையாக்கிக் கொடுங்கள். மத்தளம் அடித்து நிறுத்துபவர், நேரம் பார்ப்பவர், "யாருடைய கண் அதிகம் பேசியது?" என்று கடைசியில் சொல்பவர். சில வாரங்களில் பெரும்பாலானோர் தாமாக உள்ளே வருவார்கள். வராத பிள்ளை நல்ல நெறியாளராகவோ ஒப்பனைக்காரராகவோ இருக்கலாம்.

தொடுகையைப் பற்றி யோசித்து வையுங்கள். கலவன் பாடசாலையில் ஆணும் பெண்ணும் கைகோக்க வேண்டிய விளையாட்டை முதல் வாரத்திலேயே கொடுத்தால் வகுப்பு சிரிப்பில் சிதறும், சில பிள்ளைகளுக்கு வீட்டில் கேள்வியும் வரும். கைக்குப் பதில் ஒரு துவாயின் இரு முனைகளையோ ஒரு பென்சிலின் இரு நுனிகளையோ பிடிக்கச் சொல்லுங்கள். பென்சிலை விரல் நுனியால் மட்டும் தாங்கி விழாமல் நடப்பது, கைகோப்பதைவிட நல்ல கவனப் பயிற்சியும்கூட.

கண்ணைக் கட்டுவது, திடீரென்று பெரிய சத்தம் எழுப்புவது, சுற்றி வளைத்துப் பிடிப்பது ஆகியவற்றை வடக்குக் கிழக்கில் மிகுந்த கவனத்தோடு கையாளுங்கள். இன்றைய பிள்ளைகளில் பெரும்பாலானோர் போருக்குப் பின் பிறந்தவர்கள்தான். ஆனாலும் வீடுகளில் அந்தப் பயம் இன்னும் இருக்கிறது, அது பிள்ளைகளுக்கும் வருகிறது. கண்ணைக் கட்டாமல், விரும்பினால் மூடலாம் என்று சொல்லுங்கள். ஒரு பிள்ளையின் முகம் மாறுவதைக் கண்டால் விளையாட்டை அமைதியாக வேறு பக்கம் திருப்புங்கள்; எல்லார் முன்னாலும் காரணம் கேட்காதீர்கள்.

பக்கத்து வகுப்பு, அதிபர், மேற்பார்வையாளர்

சத்தம் உங்கள் முதல் எதிரியாக இருக்கும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முறைப்பாடு வருவதற்கு முன்பே போய்ச் சொல்லுங்கள்: "நாளைக்கு மூன்றாம் பாடவேளை கொஞ்சம் சத்தம் வரும் ரீச்சர், பரீட்சை ஏதும் இருந்தால் சொல்லுங்கோ, நான் மாத்துறன்." இப்படிக் கேட்டுவிட்டு வந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. கையில் எப்போதும் சத்தமில்லாத விளையாட்டுகள் சிலவற்றை வைத்திருங்கள்.

மேற்பார்வைக்கு வருபவரோ அதிபரோ கதவருகே நிற்கும்போது, பிள்ளைகள் துள்ளுவது மட்டும் தெரிந்தால் அவருக்குச் சந்தேகம் வருவது இயல்பு. அதற்கு மறுமொழி உங்கள் பாடக் குறிப்பில் இருக்க வேண்டும். "விளையாட்டு: 10 நிமிடம்" என்று எழுதாதீர்கள். "நோக்கம், தடை என்பவற்றைக் கிளித்தட்டின் மூலம் அனுபவித்தல்; பிள்ளைகள் பயன்படுத்திய உத்திகளைப் பட்டியலிடல்" என்று எழுதுங்கள். கரும்பலகையின் ஒரு மூலையில் அன்றைய கருத்தை எழுதி வைத்தால் கதவருகே நிற்பவருக்கும் அது தெரியும்.

40 நிமிடப் பாடவேளையில் இடம் ஒதுக்கவும் திரும்ப வைக்கவும் மட்டுமே எட்டு நிமிடம் போய்விடும். மீதியில் ஒரு விளையாட்டும் அதன் இரண்டு வளர்ச்சிகளும் ஒரு சிறு உரையாடலும்தான் கொள்ளும். புதியவர்கள் ஐந்து விளையாட்டைத் திட்டமிடுவதைப் பார்க்கிறேன். ஒன்றை ஆழமாக ஆடுங்கள்.

உயர்தர வகுப்பில்

"அது சின்னப் பிள்ளையளுக்குச் சரி, ஏ.எல். பிள்ளையளுக்குப் பாடத்திட்டம் முடிக்க வேணுமே" என்ற பேச்சு ஆசிரியர் ஓய்வறையில் கட்டாயம் காதில் விழும். என் அனுபவத்தில் அரங்க வரலாறுதான் விளையாட்டை அதிகம் வேண்டி நிற்கும் பகுதி, ஏனென்றால் அதைத்தான் பிள்ளைகள் விளங்காமல் மனனம் செய்கிறார்கள்.

கிரேக்க அரங்கை எடுங்கள். நடிகரின் எண்ணிக்கையை ஒன்றிலிருந்து இரண்டாக்கியவர் எஸ்கிலஸ் என்றும், மூன்றாவது நடிகரைக் கொண்டுவந்தவர் சோபோக்கிளிஸ் என்றும் அரிஸ்டோட்டில் எழுதியிருக்கிறார். குறிப்பில் இது ஒரே வரி. வகுப்பில் இப்படிச் செய்யுங்கள்: ஒரு வீட்டுச் சண்டையைக் கொடுத்து, ஒரு நடிகரும் பத்துப் பேர் கொண்ட பாடகர் குழுவும் மட்டும் அதை ஆடட்டும். நடிகர் குழுவோடுதான் பேசலாம். எதிரி மேடையில் இல்லை. திணறுவார்கள், தூதுவன் வருவதுபோல ஏதாவது வழி கண்டுபிடிப்பார்கள். பிறகு இரண்டாவது நடிகரை உள்ளே விடுங்கள். நேருக்கு நேர் மோதல் வந்துவிடும், குழுவின் பங்கு சட்டென்று குறையும். மூன்றாவது நடிகர் வந்ததும், இருவர் பேசுவதை ஒருவர் கேட்டு நிற்கும் காட்சியை அவர்களே ஆக்குவார்கள். அந்த ஒரு வரியை இனி அவர்கள் பரீட்சையில் ஒரு பக்கமாக எழுதலாம்.

சுற்றிவர இருந்து பார்க்கும் கூத்தின் வட்டக்களரிக்கும், ஒரு பக்கம் இருந்து மட்டும் பார்க்கும் படச்சட்ட மேடைக்கும் இதே வழி. ஒரே வரவுக் காட்சியை முதலில் வகுப்பு சுற்றிவர இருக்க நடுவில் ஆடச் செய்யுங்கள். பிறகு எல்லாரையும் ஒரு பக்கம் இருத்தி மறுபடி ஆடச் செய்யுங்கள். பார்ப்பவர்களுக்கு ஒரு வேலை: நடிகரின் முகம் உங்களுக்குத் தெரிந்த கணங்களை விரலால் எண்ணுங்கள். வட்டத்தில் ஏன் சுழன்று ஆட வேண்டியிருக்கிறது, ஒரு பக்க மேடையில் ஏன் ஆட்டத்தை மாற்ற வேண்டியிருக்கிறது என்று அவர்களே சொல்லத் தொடங்குவார்கள். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரோடு மட்டக்களப்புக் கூத்தைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தபோது எதிர்கொண்ட கேள்விகளும் இவைதான். அந்தப் பாடத்தை இந்த விளையாட்டுக்கு அடுத்த பாடவேளையில் வையுங்கள்.

உயர்தர மாணவருக்கு வெட்கம் அதிகம். அவர்களிடம் "விளையாடுவம்" என்று சொல்லத் தேவையில்லை. "ஒண்டைச் செய்து பாப்பம்" என்றால் போதும்.

வகுப்பு முடிந்த பிறகு

அன்றே, மறப்பதற்கு முன், மூன்று விஷயத்தைக் குறியுங்கள்: எந்த இடத்தில் வகுப்பு தன்னை மறந்து ஆடியது, எந்த விதி குழப்பியது, எந்தப் பிள்ளை இன்று புதிதாக உள்ளே வந்தது. "நன்றாக இருந்தது" போன்ற குறிப்பால் பயனில்லை. "துவாயைப் பிடித்ததும் கூச்சம் போயிற்று", "மூன்றாம் கோட்டில் அண்ணா உடனே விட்டுக்கொடுத்தான், விதியை இன்னும் இறுக்க வேண்டும்" என்று எழுதுங்கள்.

பிள்ளைகள் விதியை மாற்றும்படி கேட்டால் அதையும் குறியுங்கள். "சேர், மறிக்கிறவர் ஒரு கேள்வி மட்டும் கேக்கலாம் எண்டு வைப்பமோ?" என்று ஒருவர் கேட்கும் கணத்தில் அவர் நாடகம் கட்டத் தொடங்கிவிட்டார். அடுத்த வகுப்பில் அந்த விதியோடு ஆடிப்பாருங்கள், அவருடைய பெயரைச் சொல்லியே அறிமுகப்படுத்துங்கள்.

பயிற்சிக்காலத்தின் கடைசி வாரத்தில் வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் ஒரு விளையாட்டை உருவாக்கி மற்றவர்களை ஆட வைக்க வேண்டும் என்று கேளுங்கள். நிபந்தனை ஒன்றுதான்: இந்தத் தவணையில் படித்த ஏதாவது ஒரு கருத்து அதற்குள் இருக்க வேண்டும், எந்தக் கருத்து என்று ஆடியவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். நீங்கள் ஆடுபவர்களோடு நில்லுங்கள். அவர்கள் எழுதித் தந்த விதிகளைக் குழுக்களின் பெயரோடு உங்கள் கொப்பியில் ஒட்டி வையுங்கள். அடுத்த பாடசாலையில் முதல் வாரத்துக்கான விளையாட்டுகளை அங்கிருந்து எடுக்கலாம்.